பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸ்: பழுது பார்ப்பதா, இடிப்பதா, வாடகைப்படி கொடுத்து அனுப்புவதா?

ஒரு வீடு எவ்வளவு காலமாகக் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள நான் கதவைப் பார்ப்பதில்லை, சன்ஷேடைப் பார்ப்பேன். விரிசலில் அரசங்கன்று இரண்டு இலை விட்டிருந்தால் ஒரு மழைக்காலம் போயிருக்கிறது. தண்டு விரல் கனத்துக்கு வந்து வேர் சுவருக்குள் இறங்கியிருந்தால் மூன்று நான்கு மழை. அதற்கு மேலும் விட்டால் வீட்டுக்கு உரிமை கொண்டாட அதற்கும் நியாயம் வந்துவிடும்.

இந்தப் பார்வை எனக்குத் தொழிலால் வந்தது. ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வெளியே வந்த பிறகு ஒப்பந்தக்காரர்களிடம் மேற்பார்வையாளனாக இருந்து, பழைய குடியிருப்புகளின் ஒழுகலோடும் ஓதத்தோடும் பதினைந்து ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். இப்போது தண்டையார்பேட்டையில் வாசம். போன மாதம் என் அக்கா மகன் வந்திருந்தான். ராணுவத்தில் ஹவில்தார், இரண்டு பிள்ளைகள். "மாமா, குவார்ட்டர்ஸ் வரிசையில் என் பெயர் எங்கேயோ பின்னால் இருக்கிறது. ஆனால் அதே வளாகத்தில் ஒரு பிளாக் முழுக்கப் பூட்டிக் கிடக்கிறது. இது என்ன கணக்கு?" என்றான். எந்த ஊர், எந்த வளாகம் என்பது இங்கே தேவையில்லை. ராணுவத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இப்படி ஒரு பிளாக்கைப் பார்த்திருப்பார்கள்.

அவனுக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு பிளாக்கை மனதில் கட்டிக்கொள்வோம். தரைத்தளம், மேலே இரண்டு தளம், தளத்துக்கு எட்டு வீடு, ஆக 24 வீடு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், ஐம்பது வயது. இடம் வடசென்னையில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். கதவில் 'குடியிருக்கத் தகுதியற்றது' என்று சிவப்புப் பெயின்ட். இந்த பிளாக்கை என்ன செய்வது? பழுது பார்க்கலாம். இடித்துக் கட்டலாம். குடும்பங்களுக்கு வாடகைப்படி கொடுத்து வெளியே பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். தனியாரிடம் ஒப்படைக்கலாம். ஐந்தாவதாகவும் ஒரு வழி உண்டு. யாரும் அதைக் காகிதத்தில் எழுதுவதில்லை, ஆனால் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது: பூட்டு தொங்கட்டும் என்று விட்டுவிடுவது.

அந்த ஐந்தாவது வழி இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் முதலில் அதன் விலையைப் பார்ப்போம். குவார்ட்டர்ஸ் கொடுக்க முடியாத குடும்பத்துக்கு அரசாங்கம் மாதாமாதம் வாடகைப்படி கொடுக்க வேண்டும். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் ஹவில்தாரின் அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாயில் தொடங்குகிறது. வாடகைப்படிக் கணக்கில் சென்னை முதல் வகை நகரம். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபின், 2024 ஜனவரி முதல், இங்கே வீட்டு வாடகைப்படி 30 சதவீதம். அதாவது மாதம் 8,760 ரூபாய். 24 வீட்டுக்கு ஆண்டு முழுவதும் பெருக்கினால் 25,22,880 ரூபாய் வருகிறது. இது தொடக்கச் சம்பளக் கணக்கு. சர்வீஸ் கூடக்கூடத் தொகையும் கூடும். ஒரு பூட்டுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். காவலுக்கு ஆள், புல் வெட்டும் கூலி, திருடு போகும் செம்புக் கம்பி எல்லாம் தனி. பூட்டுக் கடையில் கேட்டால் இவ்வளவு விலைக்கு அவர்களே விற்க மாட்டார்கள்.

பணம் போகட்டும். ஆளில்லாத வீடு சும்மா இருப்பதில்லை, சாகிறது. கழிவறைக் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பிறகு சாக்கடை வாயுவும் கரப்பானும் நேரே வீட்டுக்குள் ஏறும். மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் வாயை ஒரு காக்கைக் கூடோ பிளாஸ்டிக் பையோ அடைத்தால் குடியிருப்பவர் அன்றே ஏறி எடுப்பார். ஆளில்லாவிட்டால் ஐப்பசி முழுக்கத் தண்ணீர் அங்கேயே நிற்கும். கதவுச் சட்டத்தில் கரையான் கோடு போட்டால் விளக்குமாற்றால் தட்டிவிட ஒரு கை இருக்காது. ஐம்பது ஆண்டுகளில் வராத கெடுதல் ஐந்து ஆண்டுப் பூட்டில் வரும்.

இனி வாடகைப்படி வழி. இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பணம் உடனே கிடைக்கிறது, மழைக்கோ டெண்டருக்கோ காத்திருக்க வேண்டாம். சொந்த ஊரே சென்னை என்றால் தாய் தகப்பனோடு இருந்துகொள்ளலாம். கணவன் எல்லையில் இருக்கும்போது, சுற்றுச்சுவருக்குள் தனியாக இருப்பதைவிட வண்ணாரப்பேட்டையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு மேல் என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு இது நல்ல வழி. வெளியூரிலிருந்து வரும் குடும்பத்துக்குக் கதை வேறு.

8,760 ரூபாயை எடுத்துக்கொண்டு திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ வீடு தேடிப் பாருங்கள். இரண்டு படுக்கையறை என்ற பேச்சை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அடுத்து அட்வான்ஸ். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைப் பற்றிப் பேசுகிறது. தெருவில் கேட்கும் மாதங்களின் எண்ணிக்கையோ வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வரும் ஒருவருக்கு இது ஒவ்வொரு ஊரிலும் புதிதாகத் திரட்ட வேண்டிய பணம். போகும்போது சுவரில் ஆணி அடித்ததற்கும் வெள்ளையடிப்பதற்கும் பிடித்தம் போக மிச்சம்தான் கைக்கு வரும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இல்லாத வீட்டில் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை.

என் அனுபவத்தில் இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வளாகத்துக்குள் குழந்தைக்கு நடுராத்திரி காய்ச்சல் என்றால் எதிர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அந்த வீட்டு ஆண்பிள்ளையும் எங்கோ பனியில்தான் நிற்பான், ஆனால் அந்த அக்காவுக்கு யாரைக் கூப்பிட வேண்டும், வண்டி எங்கே வரும் என்று தெரியும். ராணுவ மருத்துவமனை பரங்கிமலைப் பக்கம் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் பகலில் போவது சுலபம். திருவொற்றியூரில் ஏறி ஆலந்தூரில் இறங்கினால் பக்கம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மெட்ரோ ஓடாது. ஊதியக் குழு வாடகைக்குச் சதவீதம் போட்டது, எதிர் வீட்டு அக்காவுக்குப் போட முடியவில்லை.

ஆக வாடகைப்படி என்பது இடைக்கால ஏற்பாடாக நல்லது. நிரந்தரத் தீர்வாக வைத்தால் அந்தப் பூட்டுக்கு அரசாங்கமே வாடகை கட்டுவது போல ஆகிவிடும்.

இடித்துக் கட்டலாம் என்பவர்களோடு எனக்குப் பகை கிடையாது. சில கட்டடங்களை இடிக்கத்தான் வேண்டும். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று நடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் 24 வீடு கொண்ட பிளாக் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. விரிசல் பெரிதாவதைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு கட்டடம் நிற்குமா நிற்காதா என்பதை வயதை வைத்து மட்டும் சொல்ல முடியாது என்று நான் அடிக்கடி சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஐம்பது வயதுக் கட்டடம் கம்பீரமாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன், பத்து வயதில் தூண் வாய் பிளந்ததையும் பார்த்திருக்கிறேன்.

புதிதாகக் கட்டியது எல்லாம் நல்லது என்பவர்கள் கொச்சியைப் பார்க்க வேண்டும். ராணுவத்தினருக்கு வீடு கட்டித் தர 1978இல் தொடங்கிய ராணுவ நல வீட்டு வசதி அமைப்பு, அங்கே காயலை ஒட்டிய சில்வர்சேண்ட் தீவில் சந்தர் குஞ்ச் என்று மூன்று கோபுரங்கள் கட்டியது. 264 வீடுகள், 2018இல் முடிந்தன. சில ஆண்டுகளிலேயே தூண்களிலும் தளங்களிலும் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. பழுது பார்க்கலாமா, இடிக்கலாமா என்று வழக்கு நடந்தது. 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டித் தர உத்தரவிட்டது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்களின் வீடு ஏழு வயதில் இடிபாட்டுப் பட்டியலுக்குப் போயிற்று. அங்கே பழுது பார்ப்பது சரிவராது என்ற முடிவைக் குறை சொல்ல முடியவில்லை. எங்கே சரிவரும் எங்கே வராது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இடித்துக் கட்டுவதில் உள்ள உண்மையான சிக்கல் காலம். முப்படைகளுக்கும் சேர்த்துச் சுமார் 2 லட்சம் வீடு கட்ட 2002இல் திருமணமானோர் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. நல்ல வீடுகள் பல அதில் வந்தன. ஆனால் முதலில் சொன்ன கெடுவுக்குள் அது முடியவில்லை, கட்டம் கட்டமாக நீண்டது. நம் 24 வீட்டு பிளாக்குக்கு வருவோம். மதிப்பீடு, அனுமதி, நிதி ஒதுக்கீடு, டெண்டர், இடிப்பு, மண் பரிசோதனை, அஸ்திவாரம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு போஸ்டிங் காலத்துக்குள் சாவி கைக்கு வராது. இன்று வரிசையில் நிற்கும் குடும்பம் புது வீட்டைப் பார்க்கவே பார்க்காது. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரியும் திறப்பு விழாவுக்கு இருக்க மாட்டார். ராணுவக் குடும்பம் காலத்தை ஆண்டாக எண்ணுவதில்லை, பிள்ளையின் வகுப்பாக எண்ணுகிறது. மூத்தவள் ஏழாம் வகுப்பில் இங்கே வந்தால் ஒன்பது முடிப்பதற்குள் கிளம்ப வேண்டும். அந்த மூன்று வகுப்புக்குள் பயன்படாத வீடு அவளைப் பொறுத்தவரை கட்டப்படாத வீடுதான்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடமிருந்து ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம். பழைய அடுக்குமாடிகளை இடிக்கும்போது குடும்பங்களுக்கு வெளியே தங்க ஒரு தொகை கொடுக்கிறார்கள். 8,000 ரூபாயாக இருந்தது 24,000 ஆயிற்று. போதுமா என்று புளியந்தோப்பில் கேட்டால் நீண்ட பேச்சாகிவிடும். ஆனாலும் இடிப்பதற்கு முன்பே, நடுவில் அந்தக் குடும்பம் எங்கே இருக்கும் என்று யோசித்ததற்கு அது அடையாளம்.

கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. புனித ஜார்ஜ் கோட்டையின் ஒரு பகுதி இன்றும் ராணுவத்தின் வசம்தான், கிங்ஸ் பாரக்ஸ் உட்பட. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்று 2010இல் திருத்திய சட்டம் சொல்கிறது. ஆகவே அந்த 100 மீட்டருக்குள் இருக்கும் பழைய வீட்டை இடித்துவிட்டால், அந்த இடத்தில் மறுபடி வீடு வராது. அங்கே அனுமதியோடு பழுது பார்ப்பது ஒன்றே வழி. அதையும் நம் சிமென்ட் மேஸ்திரிகளிடம் விட்டுவிடக் கூடாது. தேக்குச் சட்டத்தின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரையும் செங்கல் ஜல்லியும் கொட்டி, மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த மெட்ராஸ் டெரஸ் தளமும் சுண்ணாம்புச் சுவரும் மூச்சு விடுகிறவை. அதன்மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, இரண்டு மழைக்குள் பூச்சு செதில் செதிலாக விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

தனியாரிடம் விடுவது பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மற்றவர்கள் செய்து பார்த்துவிட்டார்கள். பிரிட்டன் 1996இல் தன் ராணுவக் குடும்ப வீடுகளில் 57,000க்கு மேல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 166 கோடி பவுண்டுக்கு விற்றது. விற்ற வீட்டையே 200 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து வாடகை கட்டியது. பழுது பார்க்கும் பொறுப்பு மட்டும் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலையில். ஆளில்லாமல் கிடந்த வீட்டுக்கும் வாடகை போயிற்று. 2025 ஜனவரியில் அதில் 36,347 வீடுகளைத் திரும்ப வாங்கினார்கள், விலை ஏறத்தாழ 600 கோடி பவுண்டு. அமெரிக்காவும் அதே 1996இல் சட்டம் போட்டுத் தனியாரைக் கொண்டுவந்தது. வீட்டுக்குள் பூஞ்சை, ஈரம் என்று குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொன்னார்கள். 2021 டிசம்பரில் அங்கே ஒரு பெரிய நிறுவனம், பழுது பார்த்ததாகப் பொய்க்கணக்கு எழுதி ஊக்கத்தொகை வாங்கியதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 6.5 கோடி டாலருக்கு மேல் கட்டியது. பசுவை விற்றுவிட்டுப் பாலுக்குச் சொம்பு தூக்கியது போலத்தான்.

இப்போது பழுது பார்க்கும் வழி. நான் இதன் பக்கம் சாய்கிறவன் என்பதை இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். அதனால் இதன் குறையை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். 'பழுது பார்த்தாகிவிட்டது' என்ற சொல்லைப் போல ஏமாற்றும் சொல் கட்டட வேலையில் வேறு இல்லை. நான் வேலை பார்த்த ஒரு ராணுவ ஸ்டேஷனில், பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, வாசலில் செங்கல்லைச் சாய்த்து நட்டுக் காவி பூசினார்கள். அவர் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். முதல் மழையில் படுக்கையறைக் கூரையிலிருந்து முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து தொட்டில் கயிற்றை உரசிக்கொண்டு விழுந்தது. பிள்ளை அப்போது அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள். என் மனைவி அன்றிலிருந்து புது வெள்ளையடித்த வீடு என்றாலே முகர்ந்துதான் உள்ளே போவாள்.

கூரை ஏன் அப்படி விழுகிறது? கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழே இருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. நமக்குத் தெரிவது விழுந்த காரை, நோய் கம்பியில். விழுந்த இடத்தில் மட்டும் சிமென்ட் அப்பி வெள்ளையடித்தால், ஒட்டுப் போட்ட இடத்துக் கம்பி பத்திரமாக இருக்கும், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். படித்தவர்கள் இதற்கு மின்வேதியியல் விளக்கம் சொல்வார்கள். எங்கள் மேஸ்திரி ஒருவர் சொன்னது இன்னும் நன்றாக இருக்கும்: "ஒட்டுப் போட்டால் நோய் பக்கத்து வீட்டுக்குக் குடி போகும்."

அதனால் பழுது பார்ப்பதா இடிப்பதா என்ற முடிவை மேசையில் எடுக்கக் கூடாது, கட்டடத்தைக் கேட்டு எடுக்க வேண்டும். கேட்பது பெரிய வித்தையில்லை. முதலில் சுத்தியல். தளத்தின் அடியிலும் தூணிலும் அடிக்கு ஒரு தட்டு. கெட்டியான இடம் கணீரென்று சொல்லும், பெயர்ந்த இடம் ஓட்டைக் குடம் போல 'பொத்' என்னும். பொத்தென்ற இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வந்தால் ஒரு நாளில் பிளாக்கின் நோய்ப்படம் கிடைத்துவிடும். அடுத்து, உடைத்த புது முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசல் தெளிப்பது. உயிருள்ள கான்கிரீட் ரோஜா நிறமாகும்; காற்றால் வீரியம் போனது நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டதா என்று அளவுகோலால் பார்க்கலாம். உப்பின் அளவை இது காட்டாது. அதற்குத் துளை போட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சில தூண்களில் உருளை வெட்டியெடுத்து நசுக்கிப் பார்த்தால் பலமும் தெரிந்துவிடும். இத்தனைக்கும் ஆகும் செலவும் நாளும், பிளாக்கை ஒரு பருவம் பூட்டி வைப்பதால் ஆகும் செலவுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

நோய் தளத்தின் அடியிலும் சன்ஷேடிலும் குளியலறைப் பக்கத்திலும் மட்டும் இருந்தால் தைரியமாகப் பழுது பார்க்கலாம். பழைய செங்கல் சுவர்க் கட்டடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அவற்றின் சுமையைச் சுவர் தாங்குகிறது. துருப்பிடிக்கச் சுவரில் கம்பி இல்லை. தூணும் உத்தரமுமாக நிற்கும் கட்டடத்தில் தூணின் அடிப்பாகமே வாய் பிளந்திருந்தால், அல்லது உப்பு எல்லாத் தூணிலும் கம்பி வரை இறங்கியிருந்தால், ஆசைப்படாமல் இடித்துவிட வேண்டும். அந்தத் தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போர்த்திச் சட்டை போடுகிறேன் என்று ஒருவர் வருவார். போடலாம், முடியாதது இல்லை. எல்லாத் தூணுக்கும் சட்டை போடுகிற பணத்தில் புதிதாகவே தைத்துக்கொள்ளலாம்.

பழுது பார்ப்பது என்று முடிவானால் வேலையின் வரிசை முக்கியம். மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே. முதலில் மொட்டை மாடி. பழைய தட்டோட்டை எடுத்து, வாட்டம் சரி செய்து, நீர்த்தடுப்பு போட்டு, புது ஓடு பதித்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அரசங்கன்றை வெட்டினால் போதாது. சுவரைத் திறந்து வேரோடு எடுக்க வேண்டும். அடுத்து குளியலறையும் கழிவறையும்: பழைய இரும்புக் குழாயை முழுக்கக் கழற்றிவிட்டு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடுவது. வடசென்னையின் பல இடங்களில் ஆழ்துளைத் தண்ணீர் உவர்ப்பு. அது இரும்புக் குழாயை உள்ளேயிருந்து தின்றிருக்கும். அப்புறம் கம்பி வேலை: பெயர்ந்ததை முழுக்க இடித்து, கம்பியின் பின்பக்கம் வரை சுத்தம் செய்து, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த காரை. பிறகு மின்சாரம். ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வயரிங் ஒரு மின்விசிறிக்கும் இரண்டு பல்புக்கும் போட்டது. இன்று வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், கீசர், முடிந்தால் ஒரு ஏ.சி. எர்த்தும், கசிவு கண்டால் தானே விழும் சுவிட்சும் இல்லாமல் ஒரு வீட்டையும் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். நாம் வழக்கமாகத் திறப்பது முதலில்.

செலவுக்கு ஒரு உத்தேசக் கணக்கு. வீட்டுக்கு 5 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டு வாடகைப்படி ஆண்டுக்கு 1,05,120 ரூபாய். ஐந்து ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். நல்ல பழுது அதற்கும் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். வீட்டுக்கு 15 லட்சம் கேட்கிறது என்று கணக்கு வந்தால் அது கட்டடம் தன் வாயால் 'என்னை விட்டுவிடு' என்று சொல்வது.

காலத்தில்தான் இந்த வழி மற்றவற்றை வெல்கிறது. பொங்கல் முடிந்து வேலை தொடங்கினால் சித்திரை, வைகாசி வெயிலில் தளமும் பூச்சும் நன்றாக இறுகும். ஒரே மூச்சில் 24 வீட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு படிக்கட்டைச் சுற்றியுள்ள வீடுகளை முடித்துக் குடும்பங்களைக் குடிவைத்துவிட்டு அடுத்த படிக்கட்டுக்குப் போகலாம். ஜூனில் பள்ளி திறக்கும்போது முதல் சில குடும்பங்கள் உள்ளே வந்திருக்கும். மீதி ஆடிக்குள். மொட்டை மாடி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஐப்பசிக்குப் போகக் கூடாது. மற்றக் குடும்பங்களுக்கு அதுவரை வாடகைப்படி தொடரட்டும். நான் அதை இடைக்காலத்துக்கு நல்லது என்றது இதற்காகத்தான்.

தரைத்தளத்து எட்டு வீட்டைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் கட்டிலின்மேல் அடுப்பை வைத்தார்கள். சாலை ஒவ்வொரு முறையும் தாரின்மேல் தார் போட்டு உயர்ந்துகொண்டே போகிறது. பழைய கட்டடத்தின் தரை அங்கேயே நிற்கிறது. சாலைமட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்ட தரைத்தளத்தைக் குடும்பத்துக்குக் கொடுப்பதைவிட, வண்டி நிறுத்தவும் பிள்ளைகள் படிக்கும் அறையாகவும் ஒதுக்கிவிட்டு 16 வீட்டோடு திருப்தி அடையலாம் என்பேன். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "வரிசையில் என் எண் பத்தொன்பது, மாமா" என்றான். என்னிடம் பதில் இல்லை. தரையை உயர்த்த முடியுமா என்று ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். கூரை உயரம் இடம் கொடுத்தால் முடியும்.

கடைசியாக, வேலை முடிந்ததா என்று பார்க்க அதிகாரிகள் குழு போடுவார்கள். அந்தக் குழுவோடு குடிவரப் போகும் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைச் சேர்த்து அனுப்புங்கள், கையில் ஆளுக்கு ஒரு வாளி. குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி, அது துவாரத்துக்குப் போகிறதா, சமையலறைப் பக்கம் வருகிறதா என்று என் மனைவி பார்ப்பாள். சமையலறைப் பக்கம் வந்தால் சாவியை வாங்கமாட்டாள்.